பச்சைக் காப்பிக்கொட்டை மகாத்மியம்

சென்ற வாரம் நமது தோழர் ஒருவர் காரியாலயத்துக்கு வந்து, ஒரு டப்பாவை நமது மேஜைமீது வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தார். டப்பாவின்மேல் பச்சைக் காய்கள் தொங்கும் ஒரு காப்பிக் கிளையும், இடை ஒடுங்கிய ஒரு பெண்ணின் படமும் அச்சிடப்பட்டிருந்தன. அதன் கீழே, "விஞ்ஞான ஆராய்ச்சியால் ருஜுப்பிக்கப்பட்டது" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே ஒரு புட்டி. அறுபது குளிகைகளில் பதினைந்தோ பதினாறோ மீதி.

இந்தத் தோழரை நமது வாசகர்களில் பலர் அறிவார்கள். ஆகையால் பெயரை விட்டுவிடுகின்றோம். சுற்றுவட்டார கிராமங்களில் மேடை ஏறி, தாயத்தும் மந்திரித்த கயிறும் கட்டிக்கொள்ளுகிறவர்களைப் பார்த்து, "இந்தக் கயிறு என்ன வேலை செய்கின்றது என்று கட்டினவனைக் கேட்டாயா?" என்று இருபது வருஷ காலமாகக் கேட்டு வந்தவர். அவருடைய மகளுக்கு இருபத்துநான்கு வயது. படித்து உத்தியோகம் பார்க்கிறாள். பெண் பார்க்க வந்தவர்கள், "எல்லாம் சரி, பெண் கொஞ்சம் பருமன்" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். தகப்பனாருக்கு அன்று இரவு தூக்கமில்லை. கைப்பேசியில் இந்த விளம்பரம் வந்தது. ஆயிரத்துச் சில்லறை ரூபாய் கொடுத்து ஒரு டப்பா, அது தீரும் முன்னே இன்னொன்று என்று வாங்கிவிட்டார். பெண் ஆறு வாரம் விழுங்கினாள். மருந்துக்கடைத் தராசில் எடை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. இராத்தூக்கம் மட்டும் போயிற்று.

"அண்ணே, கயிறு கட்டினவனைக் கேள் என்று ஊரெல்லாம் சொன்னேனே, இந்தக் குளிகை விற்றவனைக் கேட்டீங்களா அப்பா என்று என் மகள் கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. விஞ்ஞானம் என்று போட்டிருந்ததே, அதனால்தான் நம்பினேன்" என்றார்.

நாம் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரிக்க நமக்கு யோக்கியதையும் இல்லை. சில வருஷங்களுக்கு முன் நாமே "ஆராய்ச்சி" என்ற சொல்லுக்கு மயங்கி, முழங்கால் வலிக்கு ஒரு தைலம் வாங்கிப் பணத்தைத் தொலைத்தவர்தாம். விஷயம் என்னவென்றால், "சாஸ்திரம் சொல்லுகின்றது" என்றால் நம்பி ஏமாறுகிறவனிடம் கயிறு விற்கின்றார்கள். சாஸ்திரத்தை விட்டு வெளியே வந்துவிட்டவனிடம் கயிறு விலைபோகாது என்பது வியாபாரிக்கும் தெரியும். ஆகவே அவனிடம் "ஆராய்ச்சி சொல்லுகின்றது" என்று ஆரம்பிக்கின்றார்கள். எந்த ஆராய்ச்சி, யார் செய்தது, யார் பணம் கொடுத்தது, எத்தனை பேரை நிறுத்துப் பார்த்தார்கள் என்று இவனும் கேட்பதில்லையானால், இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

எனவே இந்தப் பச்சைக் காப்பிக்கொட்டையின் ஆராய்ச்சி சங்கதியைக் கொஞ்சம் கிளறிப் பார்ப்போம். நாம் சர்வகலாசாலை வாசலை மிதித்தவரல்ல. ஆனால் இதை விளங்கிக்கொள்ளக் கூட்டலும் கழித்தலும் போதும்.

காப்பிக்கொட்டை வறுப்பதற்கு முன் பச்சையாயிருக்கின்றது. அதில் குளோரோஜெனிக் அமிலம் என்று ஒரு பொருள் உண்டு. வறுக்க வறுக்க அது குறைந்துபோகும். இந்த அமிலம் சாப்பாட்டிலுள்ள சர்க்கரை இரத்தத்தில் சேருவதைத் தாமதப்படுத்தும் என்றும், ஈரல் சர்க்கரையை வெளிவிடுவதைத் தடுக்கும் என்றும், அதனால் உடம்பு தன் கொழுப்பையே எடுத்து எரிக்கும் என்றும் சொல்லுகின்றார்கள். பரீட்சைக் குழாயில் இதில் சிலவற்றுக்கு ஆதாரமும் உண்டு. ஆனால் குழாயில் நடப்பதெல்லாம் மனித உடம்பில் நடந்துவிடுமென்று யார் சொன்னார்கள்? 2013-ல் மேற்கு ஆஸ்திரேலியாவில் கொழுப்புத் தீனி போட்ட சுண்டெலிகளுக்கு இந்த அமிலத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் இளைக்கவில்லை. சர்க்கரையை ஆளும் சக்தி கெட்டு, ஈரலில் கொழுப்பும் அதிகமாய்ச் சேர்ந்திருக்கக் கண்டார்கள். எலி மனிதனல்ல என்பது வாஸ்தவந்தான். ஆனால் குழாயும் மனிதனல்லவே!

நிற்க, உலகமெங்கும் இந்தக் கொட்டையைப் பிரபலப்படுத்திய பரீட்சை எங்கே நடந்தது தெரியுமா? "அமெரிக்காக்காரன் கண்டுபிடித்தது" என்று நம்மவர்கள் வாயைப் பிளக்கின்றார்கள். அது நடந்த இடம் நமக்கு ஓர் இராத்திரி ரயில் தூரத்திலுள்ள பெங்களூர். பணம் கொடுத்தது மட்டுந்தான் அமெரிக்கா. டெக்ஸாஸ் மாகாணத்திலுள்ள அப்ளைடு புட் சயன்சஸ் என்ற கம்பெனி, அதாவது பச்சைக் காப்பிச் சத்தை விற்கின்ற கம்பெனியே, 2010-ல் பணம் கொடுத்து இந்தப் பரீட்சையை நடத்தச் சொல்லிற்று. தன் மாட்டுக்குச் சுழி பார்க்கத் தானே ஆள் அமர்த்தியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் முடிவு 2012 ஜனவரியில் ஒரு வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்தது. 22 வாரத்தில் சராசரி 8 கிலோ, அதாவது 17.7 ராத்தல் எடை குறைந்தது. உடம்பின் எடையில் 10.5 சதவீதம் போயிற்று. உடம்பிலிருந்த கொழுப்பில் 16 சதவீதம் போயிற்று என்பது அதன் சாரம். கேட்டால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

ஆனால் எத்தனை பேரை வைத்து இந்தக் கணக்குப் போட்டார்கள்? பதினாறு பேர். ஒரு கல்யாணப் பந்தியில் ஒரு வரிசைக்குக் காணாது. அந்தப் பதினாறு பேரும் முறைமாற்றி, ஆறு வாரம் அதிக அளவு மருந்தும், ஆறு வாரம் குறைந்த அளவு மருந்தும், ஆறு வாரம் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் சாப்பிட்டார்கள். இடையில் இரண்டு தடவை இரண்டிரண்டு வாரம் ஒன்றுமே சாப்பிடாமல் ஓய்வு. தோழர்களே, கூட்டிப் பாருங்கள். 22 வாரத்தில் மருந்து வயிற்றுக்குள் போனது 12 வாரந்தான். மீதி 10 வாரமும் மருந்தில்லாத காலம். மருந்தில்லாத பத்து வாரத்தையும் சேர்த்துக்கொண்டு, "22 வாரத்தில் 8 கிலோ மருந்தினால் குறைந்தது" என்று விளம்பரம் செய்வதென்றால், இதற்கு என்ன பெயர்? மழைக்கு யாகம் செய்கிறவர் யாகத்துக்கு முன் பெய்த மழையையும் பின் பெய்த மழையையும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளுவதற்கும் இதற்கும் நமக்கு அதிக பேதம் தெரியவில்லை.

இந்தக் காகிதம் அதோடு கிடந்திருந்தால் கரையான் தின்றிருக்கும். அமெரிக்காவில் மெஹ்மெத் ஓஸ் என்று ஓர் இருதய ரண வைத்தியர் இருக்கின்றார். சாதாரண ஆளல்ல, கொலம்பியா சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்தவர். அவருக்கென்று ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி நடந்து வந்தது. 2012 ஏப்ரலில் அவர் அந்நிகழ்ச்சியில் பச்சைக் காப்பிக்கொட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, எல்லாவித உடம்புக்காரரையும் இளைக்கச் செய்யும் "மந்திரம்" என்ற சொல்லையே உபயோகித்துப் புகழ்ந்தார். ஒரு டாக்டர், அதிலும் நெஞ்சைப் பிளந்து வைத்தியம் பார்க்கிற டாக்டர், "மந்திரம்" என்று சொன்னால் அதை யார் சந்தேகிப்பார்கள்? பூசாரி சொன்னால் சிரிக்கின்ற நாமும் வெள்ளைக் கோட்டுக்காரர் சொன்னால் கை கட்டி நிற்கின்றோமல்லவா?

அந்த நிகழ்ச்சியில் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டையின் பெருமையைப் பேசினவர் ஒருவர். அவரைப் பேச அழைத்து, அவரும் வருவதாக ஒப்புக்கொண்ட உடனேயே, நிகழ்ச்சி ஒளிபரப்பாகும் முன்பாகவே, அவர் அந்தச் சரக்கை விற்க ஆரம்பித்துவிட்டார் என்று அமெரிக்க சமஷ்டி வர்த்தகக் கமிஷன் பிற்பாடு வழக்குத் தொடுத்தது. 2015 ஜனவரியில் அவரும் அவருடைய கம்பெனிகளும் 90 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தார்கள். 90 லட்சம் கட்டத் தயாராயிருந்தவர்கள் எவ்வளவு சம்பாதித்திருப்பார்கள் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கொட்டையைப் பற்றிச் சிலர் ஆட்சேபணை கிளப்பவே, ஓஸ் அதே 2012 செப்டம்பரில் தம் நிகழ்ச்சியிலேயே ஒரு பரீட்சை வைத்தார். சுமார் நூறு பெண்களைக் கூப்பிட்டு, பாதிப் பேருக்குக் காப்பிச் சத்தும், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து, எல்லோரையும் தினம் சாப்பிட்டதைக் குறித்து வைக்கச் சொன்னார். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் காப்பிச் சத்துக் கட்சிக்குச் சராசரி இரண்டு ராத்தலும், வெற்று மாத்திரைக் கட்சிக்கு ஒரு ராத்தலும் குறைந்திருந்தன. வெற்றி வெற்றி என்று கைதட்டினார்கள்! நமக்கோ அந்த வெற்று மாத்திரைக்காரர்களின் ஒரு ராத்தல்தான் முக்கியமாய்த் தோன்றுகின்றது. ஒன்றுமில்லாததை விழுங்கினவர்களும் இளைத்தார்கள். எப்படி? வாயில் போடுவதையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டுமென்றால், நான்காவது வடைக்குக் கை போகாது. மீதியிருக்கும் ஒரு ராத்தல் வித்தியாசமோ, காலையில் நிறுத்ததற்கும் மாலையில் நிறுத்ததற்கும் சாதாரணமாகவே ஏறி இறங்குகின்ற அளவுதான்.

இனி பெங்களூர்ப் பரீட்சையின் யோக்கியதைக்கு வருவோம். 2014 செப்டம்பரில் மேற்படி கமிஷன் அந்த டெக்ஸாஸ் கம்பெனியின்மேல் வழக்குப் போட்டது. பரீட்சையை நடத்தியவர் ஆட்களின் எடையையும் மற்ற முக்கிய அளவுகளையும் திரும்பத் திரும்ப மாற்றினார். பரீட்சை எத்தனை காலம் நடந்தது என்பதையே மாற்றினார். எப்பொழுது யார் மருந்து சாப்பிட்டது, யார் வெற்று மாத்திரை சாப்பிட்டது என்பதையும் குழப்பினார் என்று குற்றஞ்சாட்டிற்று. இதை எந்தப் பத்திரிகையும் போட முன்வராதபடியால், பென்சில்வேனியாவில் ஸ்கிராண்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த இருவரைக் கூலிக்குப் பிடித்துத் திருத்தி எழுதச் செய்தார்களாம். அவர்கள் கொடுத்த கணக்கை அப்படியே வாங்கி எழுதினார்களேயொழிய, சரியா என்று பார்க்கவில்லை. பெங்களூரில் ஒரு ஆளையாவது அவர்கள் நிறுத்துப் பார்த்தவர்களல்ல. பேர் மட்டும் அவர்களுடையது!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "சாப்பாட்டுக் கட்டுப்பாடும் வேண்டாம், தேகப்பயிற்சியும் வேண்டாம், குளிகை ஒன்றே போதும்" என்று கம்பெனி பிரசாரம் செய்தது. ஆனால் பரீட்சைக்கு வந்தவர்களிடம், சாப்பாட்டைக் குறையுங்கள், உடம்புக்கு வேலை கொடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள் என்பதைக் கமிஷன் எடுத்துக் காட்டிற்று. குறைத்துச் சாப்பிட்டு, நடந்து, வேர்வை சிந்தினவன் இளைத்தால் அந்தப் பெருமை கொட்டைக்கு!

கம்பெனி வழக்காடவில்லை. 35 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது. இனிமேல் இளைக்கச் செய்யும் என்று சொல்லவேண்டுமானால் மனிதர்களிடத்தில் ஒழுங்காய் நடத்திய பரீட்சை இரண்டாவது கையில் இருக்கவேண்டும் என்றும் நிபந்தனை விதிக்கப்பட்டது. அடுத்த மாதம், 2014 அக்டோபரில், ஸ்கிராண்டன்காரர்கள் இருவரும், கணக்கு மெய்யென்று உறுதி கூற முடியவில்லை என்று அந்த ஆராய்ச்சியையே வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். அதாவது அது இப்பொழுது ஆராய்ச்சியே அல்ல. இருந்தும் நமது தோழரின் டப்பாவில், "22 வாரத்தில் 17 ராத்தல்" என்று இன்றும் அச்சாகியிருக்கின்றது. தீர்ப்பு ரத்தானபின் பழைய தீர்ப்பு நகலைக் காட்டி ஜப்தி செய்ய வருகின்ற அமீனாவை நீங்கள் என்ன செய்வீர்கள்?

ஓஸ் அவர்கள் 2014 ஜூன் 17-ந்தேதி அமெரிக்க செனட் சபைக் கமிட்டி முன் வந்து உட்கார்ந்தார். தலைமை வகித்த கிளேர் மெக்காஸ்கில் என்ற அம்மையார் அவரைக் கேள்விமேல் கேள்வியாய்க் கேட்டார். தாம் புகழ்ந்த சரக்குகள் பலவற்றுக்கு, உண்மையென்று நிலைநாட்டும் அளவுக்கு விஞ்ஞான பலம் பல சமயங்களில் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். அதனால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. 2025-ல் அமெரிக்க முதியோர்களுக்கும் ஏழைகளுக்கும் சர்க்கார் வைத்திய இன்ஷூரன்ஸ் நடத்தும் இலாகாவுக்கே அவரைத் தலைவராக நியமித்திருக்கின்றார்கள். நம் நாட்டில்தான் இப்படியெல்லாம் நடக்கும் என்று தலையிலடித்துக்கொள்ளுகிற தோழர்களுக்காக இதைச் சொன்னோம்.

இது ஒருபுறமிருக்க, பெங்களூர்ப் பரீட்சை ஒன்று பொய்யானதால் மற்றதெல்லாம் பொய்யென்று நாம் சாதித்துவிட்டால், நாமும் அந்த வியாபாரியைப்போலவே ஆகிவிடுவோம். ஆகவே மற்றதையும் சொல்லுகின்றோம். இங்கிலாந்தில் எக்ஸிடர் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஒனக்போயா, டெர்ரி, எர்ன்ஸ்ட் என்ற மூவர், மேற்படி பெங்களூர்ப் பரீட்சை அச்சாவதற்கு முன்பே, 2011-ல், இதைப்பற்றி அதுவரையில் நடந்த பரீட்சைகளையெல்லாம் சேகரித்து அலசினார்கள். தேறியவை ஐந்து. கூட்டிப் பார்க்கத் தகுந்தவை மூன்று. கூட்டிப் பார்த்ததில், காப்பிச் சத்துச் சாப்பிட்டவர்களுக்கு மற்றவர்களைவிடச் சராசரி இரண்டரை கிலோ குறைந்திருந்தது. ஆனால் எல்லாம் மோசமாய் நடத்தப்பட்ட பரீட்சைகள், ஒன்றும் மூன்று மாதத்தைத் தாண்டவில்லை, இதைக்கொண்டு ஒரு முடிவும் கூற முடியாது, நன்றாய் நடத்திய பரீட்சைகள் வேண்டும் என்று அவர்களே எழுதினார்கள். இதுதான் யோக்கியமான ஆராய்ச்சிக்காரன் பேசுகிற பாஷை. "ஒருக்கால் இருக்கலாம், இன்னும் தெரியவில்லை" என்பான். "மந்திரம்" என்கிறவன் வேறு ஜாதி.

நம் நாட்டுச் சங்கதியையும் கொஞ்சம் சொல்லவேண்டும். உடல் பருமனைத் தீர்க்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ம் வருஷத்திய சட்டம் தடுக்கின்றது. மந்திர பரிகாரங்களையும் மருந்துகளையும் ஒன்றாய்ச் சேர்த்து அந்தச் சட்டத்துக்குப் பெயர் வைத்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான். அதன் அட்டவணையில் குருடு, பக்கவாதம் இவைகளோடு பருமனும் இருக்கின்றது. ஆகவே மருந்து என்று சொல்லாமல், "உணவுச் சேர்க்கை" என்று சொல்லி விற்கின்றார்கள். டப்பாவின் ஓரத்தில் உணவு இலாகாவின் பதினான்கு இலக்க லைசென்ஸ் எண் ஒன்றிருக்கும். நமது தோழர் அந்த எண்ணைக் காட்டி, "சர்க்காரே ஒப்புக்கொண்டிருக்கிறதே" என்றார். அந்த எண் உணவு தயாரிக்கவும் விற்கவும் அனுமதி பெற்றவன் என்பதற்கு அடையாளமேயொழிய, உள்ளேயிருப்பது உங்களை இளைக்கச் செய்யும் என்பதற்கு ருஜுவல்ல. இட்டிலிக் கடைக்காரரும் சர்க்காரிடம் அனுமதி வாங்கித்தான் கடை நடத்துகின்றார்.

அந்தப் பெண்ணின் தூக்கம் கெட்டதற்கும் ஒரு காரணம் இருக்கக்கூடும். வறுத்தாலும் வறுக்காவிட்டாலும் காப்பிக்கொட்டையில் காப்பீன் உண்டு. இந்தக் குளிகையில் அது எவ்வளவு என்று டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம், போடவில்லை. அவளோ வழக்கம்போல் இரண்டு வேளைக் காப்பியும் குடித்துக்கொண்டு குளிகையையும் விழுங்கியிருக்கின்றாள். இருதயத் துடிப்பு நோயும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் டாக்டரைக் கேளாமல் இப்படிச் செய்தால் என்ன ஆவது? சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இந்த டப்பாவைத் தொடும் முன் தங்கள் டாக்டரைக் கேட்பது நல்லது.

டப்பாவின் அடியில் பொடி எழுத்தில், "தகுந்த உணவும் தேகப்பயிற்சியும் சேர்ந்தால் நல்ல பலன்" என்று ஒரு வாசகமும் கண்டோம். வேண்டுதல் பலித்தால் சாமியின் மகிமை, பலிக்காவிட்டால் வேண்டினவன் மனம் சுத்தமில்லை என்று பூசாரி சொல்லுவதை நாம் எத்தனை தடவை கேட்டிருக்கின்றோம்! இதுவும் அதுவே. இளைத்தால் குளிகை, இளைக்காவிட்டால் நீ பத்தியம் தவறினாய். எந்தப் பக்கம் விழுந்தாலும் வியாபாரிக்கு நஷ்டமில்லை.

இவ்வளவையும் நாம் சொல்லி முடித்தபின் தோழர், "சரி அண்ணே, அப்படியானால் என் மகள் இளைப்பதற்கு என்னதான் வழி?" என்றார். நமக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. "அவளுக்கு உடம்பிலே ஏதாவது சீக்கு இருக்கிறதா? டாக்டர் ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டோம். இல்லையென்றார். "பின்னே, இளைக்கவேண்டுமென்று சொன்னது யார்?" என்றோம். பெண் பார்க்க வந்தவர்கள் என்றார். வந்த மாப்பிள்ளை என்ன எடை என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. யாரும் கேட்கவில்லையாம்.

மாப்பிள்ளையைத் தராசில் ஏற்றச் சொல்லாத வீட்டில், பெண்ணை மட்டும் தராசில் ஏற்றிப் பார்த்து ஆறு வாரம் கொட்டை விழுங்க வைத்தது எந்தப் பகுத்தறிவில் சேர்ந்தது என்று கேட்டோம். தோழர் தலை குனிந்தார். அவரைப் புண்படுத்தவேண்டுமென்பது நமது எண்ணமல்ல. மகள்மேல் உள்ள பிரியத்தினால்தான் அவர் இந்தக் காரியம் செய்தார். ஆனால் மகள் கேட்ட கேள்வியை அவர் மறக்கக்கூடாது. நாமும் மறக்கக்கூடாது என்பதற்காகவே இங்கே எழுதினோம்.

தோழர் புறப்படும்போது டப்பாவை எடுத்துக்கொள்ளவில்லை. அது நமது காரியாலயத்தில் இருக்கின்றது. மீதிக் குளிகைகளும் அப்படியே இருக்கின்றன. பார்க்க விரும்பும் தோழர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் வந்து பார்க்கலாம்.